பதினான்கு பாட்டில்கள்

19.1.2026, திங்கள்

அக்காவுக்கு,

படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. நேற்று கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். சுவர் முழுக்க நாற்பத்தொரு படங்கள் மாட்டியிருந்தார்கள். வேறு எதிலும் பொட்டு இல்லை. என் படத்தில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தப்பான கணக்குக்குத்தான் சிவப்பு போடுவார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த சிவப்பு அது ஒன்றுதான். வாசலிலேயே செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றுகொண்டேன்.

கன்னியர் மடத்தில் மாதம் ஒருமுறை போன் தருகிறார்கள், பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள் என்று சொன்னாய். கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை என்றும் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாரப்பட்டியில் இந்த வருஷம் ஊர்க் கலை விழா வைத்திருக்கிறார்கள். சமுதாயக் கூடத்தில் மூன்று வாரம் படக் கண்காட்சி. அதற்கு முன்னால் நான்கு நாள் படம் வரையும் பயிற்சி நடந்தது. தக்காளி தரம் பிரிக்கிற வேலை மதியத்தோடு முடிந்துவிடுவதால், சும்மா இருக்கிறாயே போய்விட்டு வா என்று அம்மா அனுப்பினார். பயிற்சி நடத்தியவர் நிர்மலா அக்கா. தர்மபுரியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார், எப்போதும் அவசரத்திலேயே இருப்பார். மூன்றாம் நாள் ஆளுக்கொரு பெரிய தாள் கொடுத்து, "உங்க வூட்டுப் பின்கதவத் தொறந்தா என்ன தெரியும்? யாரையும் கேக்காம வரைங்க. அழகா இருக்கணும்னு இல்ல, இருக்கறது எல்லாம் இருக்கணும்" என்றார்.

இப்போது பின்னால் தக்காளிதான் இருக்கிறது. எனக்குத் தக்காளிச் செடி வரைய வராது. அதனால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் நின்ற நிலக்கடலையை வரைந்தேன். சாயங்கால வெயில் போட்டேன். வரப்பில் பக்கத்துக் காட்டு மாது மாமாவின் செவலை ஆடு. மோட்டார் ரூம் கதவருகே மஞ்சள் சுடிதாரில் நீ. கண்ணுக்குள் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தேன்.

பொட்டு தப்புக்கு இல்லையாம். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஃபிளெக்ஸ் அடித்து ஊருக்குள் வைக்கப்போகிறார்களாம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் நானும் என் படத்தை முதல் முறையாகத் தள்ளி நின்று பார்த்தேன்.

அக்கா, அதில் கம்பி இருக்கிறது. கடலையைச் சுற்றிக் காட்டுப்பன்றிக்காக அப்பா கட்டியிருந்த கரண்டுக் கம்பி. கம்பியைச் சுற்றிக் கட்டக் குச்சிகளின்மேல் கவிழ்த்த பாட்டில்கள்கூட இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. எப்போது வரைந்தேன் என்றே நினைவில்லை. ஊரில் பாதிப் பேர் காடுகழனியில் இருப்பதுதானே, அதை ஒரு பொருளாகவே நான் நினைக்கவில்லை.

ஆனால் மாது மாமா இறந்த மறுநாள் காலையில் அப்பா அந்தக் கம்பியைச் சுருட்டிப் பாழுங்கிணற்றில் போட்டார். பாட்டில்களைக் குழி தோண்டிப் புதைத்தார். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடிக்கிட்டு பாத்திரத்தக் கழுவு" என்றார். கழுவினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தப் படம் அங்கே இருக்கலாமா? உன்னைத் தவிர யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பிளசி


22.1.2026
திண்டுக்கல்

பிளசிக்கு,

உனக்கு வாய் இல்லை என்று எல்லாரும் பாவப்படுகிறார்கள். கை மட்டும் எவ்வளவு நீளம் பார். வரைவதற்கு உனக்கு ஒரு மாமரம் கிடைக்கவில்லையா? கோயில் கிடைக்கவில்லையா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மயில் வரைந்திருப்பார்கள். நீ காட்டை வரைந்தாய், காட்டில் என்னையும் நிற்க வைத்தாய்.

படத்தை இறக்கிவிடு. கரண்டுக் கம்பி போட்டால் ஜெயில் என்று உனக்குத் தெரியாதா? யாராவது ஒருவர் போட்டோ எடுத்து எங்காவது அனுப்பினால் போதும், அப்பாவைக் கூப்பிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். வேறு எதையும் நீயாகக் கற்பனை செய்துகொள்ளாதே.

நிர்மலாவிடம் போய், படம் பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுங்கள் என்று சொல். ஒரே வரிதான். அதுகூடப் பேச வராது என்றால் எழுதிக் கொடு.

அப்பா படத்தைப் பார்த்தாரா? அதை மட்டும் உடனே எழுது. மாது மாமாவைப் பற்றி எழுதாதே. நான் இங்கே ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன், அதைக் கெடுக்காதே.

ஷைனி


27.1.2026, செவ்வாய்

அக்காவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கே கூடத்துக்குப் போனேன். நீ சொன்ன ஒரு வரியை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நிர்மலா அக்கா ஏணிமேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்றேன். அவர் இறங்கி வந்து, "என்ன பிளசி, தண்ணி வேணுமா?" என்றார். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, எழுதி வைத்திருந்த சீட்டைக் கொடுத்தேன். படித்துப் பார்த்துச் சிரித்தார்.

"யாருக்குமே தன்னோட படம் பிடிக்காதும்மா. எனக்கும் அப்படித்தான். ஃபிளெக்ஸு வந்தாச்சு, இனிமே நீ நெனச்சாலும் முடியாது."

இன்னொன்றும் சொன்னார். கடைசி நாளான பிப்ரவரி எட்டாம் தேதி, வரைந்தவர்கள் எல்லாரும் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். பார்க்க வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம். "ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்றார். அவருக்கு இரண்டு வார்த்தை சின்னது.

ஃபிளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. பத்தடி. ஒவ்வொரு பாட்டிலும் என் தலை அளவுக்கு இருக்கிறது. கம்பி கயிறு போலத் தெரிகிறது. உன் முகம் எனக்குச் சரியாக வரவில்லை, வெறும் மஞ்சளும் பின்னலும்தான். அதனால் நீதான் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்பா பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். டீக்கடை சவுரியப்பன் பெரியப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கத்தினார்.

"ஏம்பா அல்போன்சு, உம்பொண்ணு கரண்டுக் கம்பியக்கூட வுடல பாரு. இ.பி.காரன் பாத்தான்னா மொத ஃபியூசு உன்னுதுதான் புடுங்குவான்."

"அதான் எல்லாத்தயும் எடுத்தாச்சே அண்ணா" என்று அப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கையில் இருந்த டீ சாய்ந்து அவர் கால்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. சூடான டீ அக்கா. அவர் காலை நகர்த்தவே இல்லை. அம்மாதான் டம்ளரை வாங்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கடல நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நீ எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதத்தான் வேண்டும். நேற்று காசியம்மாள் அத்தை வீட்டுக்கு வந்தார். மாது மாமா போன பிறகு அவர் நம் வாசல்படி ஏறியது இதுதான் முதல் முறை. பஸ் ஜன்னலிலிருந்து ஃபிளெக்ஸைப் பார்த்தாராம்.

"ஏன் கண்ணு, அது எங்க வூட்டு ஆடுதான? அந்த ஒத்தக் காது மடங்கினது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பஸ்ஸு நிக்கல, நல்லாப் பாக்க முடியல. கூட்டம் இருக்கறப்ப நான் வரமாட்டேன், அவங்கெல்லாம் இருப்பாங்க. கடசி நாளு மத்தியானமா வரேன். நீ இருப்பியில்ல?"

அவங்கெல்லாம் என்றால் மாது மாமாவின் தம்பி வீட்டார். உனக்குத் தெரியுமா, நீ போன பிறகு அந்தப் பேச்சு அதிகமாகிவிட்டது. அன்றைக்கு அத்தை சண்டை போட்டதால்தான் மாமா பூச்சிமருந்து குடித்தார் என்று அவர்கள் ஊர் முழுக்கச் சொல்கிறார்கள். பண்டிகைக்கும் சாவுக்கும் அத்தையைக் கூப்பிடுவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் அத்தை குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மாமாவின் காலில் ஒரு கறுத்த கோடு இருந்ததே, அதை முள் கீறியது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகாமல் மறுநாளே எரித்துவிட்டார்கள்.

அப்பா இப்போதும் கூப்பிடாமலே போய் அத்தையின் காட்டை உழுது கொடுக்கிறார். "உங்கப்பன் மாதிரி மனுசன் இந்த ஊருல யாரு இருக்கா" என்று அத்தை நேற்றும் சொன்னார். அப்பா அப்போது பின்கதவு வழியாக வெளியே போனார்.

அக்கா, அது பூச்சிமருந்து இல்லைதானே? எனக்குப் பதினாறு வயது ஆகிறது. பாத்திரம் கழுவு என்று சொல்லாதே.

பிளசி


31.1.2026
திண்டுக்கல்

பிளசிக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் பொய் எழுதியிருந்தேன். இது மூன்றாவது. படித்ததும் எரித்துவிடு.

பூச்சிமருந்து இல்லை.

அப்பா அன்றைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வர நேரமாகும் என்று எனக்குப் போன் செய்தார். "எல்லாரும் காட்ட வுட்டு வூட்டுக்குப் போனப்பறம் கம்பிக்கு ஸ்விட்ச்சு போடு. அந்தாண்ட இந்தாண்ட பாத்துட்டுப் போடு" என்றார். எப்போதும் அவர்தான் போடுவார். ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவார். வரப்பைச் சுற்றி ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவார்.

எனக்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி இருந்தது. ஆறு மணிக்கு. முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்த மஞ்சள் சுடிதாரைத் தேய்த்துப் போட்டிருந்தேன். திரும்பி வந்து மறுபடி காட்டுக்குப் போக வேண்டுமே என்று சோம்பலாக இருந்தது. ஐந்தரைக்கே மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டேன். நீ வரைந்திருப்பது அந்த நேரம்தான். நீ பின்கதவில் நின்றது எனக்குத் தெரியாது. ஆடு வரப்பில் நின்றதை நானும் பார்த்தேன். ஆட்டைத் தேடி ஆள் வரும் என்று ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. சுருதி தப்பாமல் பாடினேன் பிளசி. பாடி முடித்து, கொடுத்த சுண்டலையும் தின்றேன்.

மாமா கம்பியில் கிடந்ததை அப்பா வந்துதான் பார்த்தார். ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, மாமாவைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காட்டுக் கிணற்று மேட்டிலேயே படுக்க வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ இன்னிக்குக் காட்டுக்கே போவல" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்குத் தெரியும். மூன்று பேரும் உன் எதிரில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தோம்.

நான் இங்கே வந்தது கடவுளின் அழைத்தல் வந்து அல்ல. அந்தப் பின்கதவைத் திறக்க முடியாமல்தான் வந்தேன். ஊரில் அப்பாவைப் பாராட்டுகிறார்கள், ஒரு மகளைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார் என்று.

காசியம்மாள் அத்தையை இப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். பயமாக இருக்கிறது. இங்கே யாராவது கேட்டைத் தட்டினாலே போலீஸ் என்று நினைக்கிறேன். எனக்கு இருபது வயது பிளசி.

என்னைப் படத்திலிருந்து எடுத்துவிடு. என்மேல் ஒரு மரம் வரை. கம்பி இருந்தால் இருக்கட்டும், அது எல்லார் காட்டிலும் இருக்கிறது. ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் நான் நிற்கக்கூடாது. அத்தை வந்து ஏதாவது கேட்டால் ஒன்றும் சொல்லாமல் நில். உனக்குப் பேச வராது என்று ஊருக்கே தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷைனி


8.2.2026, ஞாயிறு

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. அடுப்படிக்கு எடுத்துப் போனேன். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்று காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே கூடத்துக்குப் போய்விட்டேன். குழந்தைகளுக்கு வைத்திருந்த பெயின்டில் பழுப்பு நிறம் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். படத்தில் ஒரு இடத்தைச் சரி செய்யவேண்டும் என்று சொன்னேன், நிர்மலா அக்கா நாற்காலி எண்ணிக்கொண்டே சரி என்றார். உன்மேல் ஒரு புளியமரம் போடலாம் என்று நினைத்திருந்தேன். பிரஷ்ஷை நனைத்து எடுத்தேன். மரத்தின் அடியை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அந்த இடத்தில் எப்போதும் மரம் இருந்ததில்லை. ஆட்கள் வரத் தொடங்கியதும் பிரஷ்ஷைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். கூட்டம் குறையும்போதெல்லாம் எடுப்பேன். மறுபடி யாராவது வருவார்கள். பெயின்ட் காயக் காயத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டே நின்றேன்.

யாரோ ஒருவர், "இது எந்த ஊரு காடு?" என்றார். "எங்க காடு" என்றேன். நிர்மலா அக்கா சொன்ன இரண்டு வார்த்தை அதோடு தீர்ந்துவிட்டது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது காசியம்மாள் அத்தை வந்தார். தலையை முக்காடு போட்டு மூடியிருந்தார். மற்றப் படங்கள் பக்கம் திரும்பவே இல்லை, நேராக வந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ஆட்டின் அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"கழுத்துல செவப்புத் துணி" என்றார். "இதையும் போட்டியா."

பார்த்தது எல்லாவற்றையும் போட்டேன் என்று சொல்ல நினைத்தேன். தலையாட்டினேன்.

"அன்னிக்குக் காலைலதான் என் பழைய சீலையக் கிழிச்சுக் கட்டினேன் கண்ணு. கயிறு அறுந்துபோச்சு. அடுத்த நாளு சாவு வூட்டுல யாரோ அவுத்து எறிஞ்சிட்டாங்க. அந்த ஒரு நாளுதான் அது கழுத்துல கெடந்துச்சு."

சுவரில் பல்லி ஒன்று படத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே போனது.

"அப்ப இது அன்னிக்குச் சாயங்காலம்."

"ம்."

"உங்க மாமா எங்க?" என்றார். படம் முழுக்கத் தேடினார். வரப்பு, கிணற்று மேடு, வெயில் விழுந்த இடம், மூலையில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு வரைக்கும். "ஆடு இங்க இருக்கே, அவரு பின்னாடியே வந்திருப்பாரே."

"நான் பாக்கல அத்தை."

"பாத்திருந்தா போட்டிருப்ப" என்றார். "ஆடில்லாம வந்தா சோறு போடமாட்டேன்னு சொன்னேன். கோவத்துல சொன்னதுதான். எப்பவும் சொல்றதுதான். அதுக்காவ ஒரு மனுசன் மருந்து குடிப்பாரா? பஸ்ஸுல இதப் பாத்ததுலேர்ந்து இதேதான் நெனப்பு. நீ அன்னிக்குப் பாத்திருக்க. கையில மருந்து டப்பா கிப்பா வச்சிருந்தாரான்னு உன்னக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். இருந்தா இருந்துச்சுன்னு சொல்லு கண்ணு. நான் தாங்கிக்குவேன். தெரியாமத்தான் முடியல."

நீ சொன்ன மாதிரி ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என்னால் அது எப்போதும் முடிகிற காரியம். பின்னால் வைத்திருந்த பிரஷ்ஷிலிருந்து பழுப்புத் தண்ணீர் என் விரலிடுக்கில் இறங்கியது. வெளியே பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள், அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். நான் நின்றுகொண்டே இருந்தால் போதும். உனக்கும் ஒன்றும் ஆகாது, அப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, உனக்கென்ன தெரியும் சின்னப் புள்ள" என்று திரும்பினார்.

பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டேன். அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தி, அவருடைய ஆள்காட்டி விரலை எடுத்து, ஆடு நின்ற வரப்போரம் இருந்த முதல் பாட்டிலின்மேல் வைத்தேன். அங்கிருந்து கம்பியோடு நகர்த்தினேன். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் நிற்பதுபோல ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் நின்றோம். பதினான்கும் முடிந்து விரல் மோட்டார் ரூம் கதவுக்கு, மஞ்சளுக்கு, உன்னிடம் வந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

பிளசி